சிறு வைத்திய நிலையங்கள் சட்டப்படி நடக்க வழிசெய்து தருமாறு கோரும் மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மாகாண சுகாதார சேவைகள் திணைக்களம்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

ஊடாக: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், திருகோணமலை.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்கட்கு,

திருகோணமலை மாவட்டத்தின் சிறு தனியார் வைத்திய நிலையங்களில் மருத்துவக் கழிவு அகற்றல், வருடாந்தப் பதிவு, பரிசோதனை தொடர்பாக

திருகோணமலை பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய பிரதேசங்களில் ஓரிரு அறைகளில் நடக்கும் வைத்திய நிலையங்களையும் பல் சிகிச்சை நிலையங்களையும் சிறு லேப்களையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் கூடிப் பேசி இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. நான் அரச சேவையில் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஒரு வைத்தியரின் மாலைநேர நிலையத்தை நிர்வகித்து வருகிறேன். சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள், ஆனால் சட்டப்படி நடக்க விரும்பும் சிறிய இடத்துக்கு அதற்கான வழி இருக்க வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

எங்களை அதிகம் வருத்துவது மருத்துவக் கழிவு என்பதால் முதலில் அதையே சொல்கிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், குப்பை லொறியில் வேலைசெய்யும் தொழிலாளி ஒருவர் பெருவிரலை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தபடி எங்கள் நிலையத்துக்குள் வந்தார். தெருவோரத்தில் கிடந்த கறுப்புப் பையைத் தூக்கியபோது உள்ளேயிருந்த சிரிஞ்சின் ஊசி கையுறையைத் துளைத்து ஏறிவிட்டது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவச் செய்து, உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். எச்.ஐ.வி.க்கு எதிரான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த ஊசி யாருக்குப் போட்டது, அந்தப் பையை யார் வைத்தார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தூக்கலாமா என்பதுதான்.

தடுப்பூசி போடாத ஒருவரை, ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 வீதம் வரை என்பது தாங்கள் அறிந்ததே. நமது நாட்டின் சிறுவர் தடுப்பூசித் திட்டத்தில் அந்தத் தடுப்பூசி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த ஒரு தொழிலாளி, பிறகு தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாலொழியப் பாதுகாப்பில்லாமல்தான் லொறியில் ஏறுகிறார்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், தொற்றுள்ள மருத்துவக் கழிவை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு என்று வகுத்து, அதைச் சேர்க்கவும் ஏற்றிச்செல்லவும் அழிக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. தேவையான விதி, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் பெரிய வைத்தியசாலைக்குக் கழிவு ஏற்ற லொறி வரும். வாரத்துக்கு ஒரு சிறு பெட்டி ஊசி சேரும் இடத்துக்கு யார் வருவார்? தனியார் நிறுவனங்களிடம் விசாரித்தோம். இவ்வளவு சிறிய அளவுக்குத் திருகோணமலை வரை வாகனம் அனுப்பினால் கட்டுப்படியாகாது என்றார்கள். ஊசியைப் போடும் மஞ்சள் பெட்டியை முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி முத்திரையிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். மூடிய பெட்டியை எங்கே கொடுப்பது என்பதற்கு மாத்திரம் பதில் இல்லை. அலுமாரிக்கு மேல் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

சிலர் பின்வளவில் பீப்பாவுக்குள் போட்டு எரிக்கிறார்கள். இந்தக் கழிவை எரிக்கும் உலைக்கு 850 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். பீப்பாவில் எரிப்பது பிளாஸ்டிக் புகையைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அனுப்புவதோடு முடிகிறது. ஊசியின் உலோகம் அப்படியே மிஞ்சும். சிலர் புதைக்கிறார்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரையில் கிணற்று நீர் எவ்வளவு மேலே நிற்கும் என்பது அங்கே குடியிருப்போருக்குத் தெரியும். அதைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள். இப்படிச் செய்பவர்களை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. நல்ல வழியொன்றைத் திறந்தபின் இதைச் செய்பவருக்கு வழக்குப் போடுங்கள், சாட்சி சொல்ல நாங்கள் வருவோம்.

எங்கள் யோசனை இது. கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆதார வைத்தியசாலைகள் எப்படியும் தமது கழிவுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்க வேண்டியவை. அந்த ஒழுங்கோடு, வாரத்தில் குறித்த ஒரு நாள், பதிவுபெற்ற தனியார் நிலையங்கள் முத்திரையிட்ட பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பற்றுச்சீட்டுப் பெற்றுச்செல்ல இடந்தாருங்கள். நகரத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். புல்மோட்டையில் உள்ளவர் ஒரு பெட்டிக்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நகரத்துக்கு வரவேண்டியிருந்தால் அவர் வரமாட்டார். இதற்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி அவசியம் என்பதை அறிவோம். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்பதைவிடத் தங்கள் திணைக்களம் ஒரே கடிதத்தில் கேட்டால் காரியம் நடக்கும். அந்தப் பற்றுச்சீட்டுகளை அடுத்த ஆண்டுப் பதிவுப் புதுப்பித்தலின்போது கட்டாயம் காட்ட வேண்டும் என்றும் விதியுங்கள். அப்போது யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வீட்டில் இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளரின் ஊசிகளும் இதே குப்பைப் பைகளுக்குள்தான் போகின்றன. அவற்றை எங்கள் நிலையங்களில் இலவசமாக வாங்கி எங்கள் பெட்டியில் சேர்க்க நாங்கள் ஆயத்தம்.

அடுத்தது பதிவு. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவுசெய்தல்) சட்டப்படி ஒவ்வொரு நிலையமும் பதிவுபெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல் வைத்தியரிடம் சிறிய எக்ஸ்ரே இயந்திரம் இருந்தால் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் எழுத வேண்டும். பக்கத்தில் பாமசி வைத்தால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதி வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இதையெல்லாம் பார்க்க ஓர் உத்தியோகத்தர் இருப்பார். எங்களிடம் நோயாளருக்கு இலக்கத் துண்டு கொடுக்கும் பிள்ளைதான் இதையும் பார்க்கிறாள். ஆகவே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பிரதேசத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்களை ஒரே இடத்தில் இருத்தி, படிவத்தைப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே எழுதித் தரும்படி கேட்கிறோம். எங்கள் கைக்கு வரும் அறிவுறுத்தல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக வைத்திருப்பதால், படிவமும் பரிசோதனைப் பட்டியலும் தமிழில் கிடைக்கச் செய்வது தங்களுக்குக் கடினமாயிராது.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நிலையங்களில் அனேகமானவை அரச வைத்தியர்கள் கடமை முடிந்தபின் நோயாளரைப் பார்க்கும் இடங்கள். மாலை நான்கு மணிக்குப் பின்புதான் கதவு திறக்கும். அலுவலக நேரத்தில் வரும் உத்தியோகத்தர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மாலையில், அறிவிக்காமல் வாருங்கள். மருந்து அலுமாரியைத் திறந்து காலாவதித் திகதிகளைப் பாருங்கள், கிருமி நீக்கம் செய்யும் பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். மருத்துவ சபையில் பதிவில்லாமல் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஊசி போடுபவர் இந்த மாவட்டத்தில் எங்கேனும் இருந்தால், அவர் அகப்படுவதும் இப்படி வந்தால்தான். அப்படிப்பட்டவரால் முதலில் நோயாளருக்கு ஆபத்து. அதன்பின் எல்லாச் சிறு நிலையங்களின் பெயருக்கும் இழுக்கு. வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவிலக்கமும் நிலையத்தின் அவ்வாண்டுச் சான்றிதழும் நோயாளர் இருக்கும் இடத்தில் கண்மட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் தொங்கவேண்டும் என்று பணிப்புரை விடுங்கள்.

டெங்கு அறிவித்தலையும் விட்டுவிட முடியாது. 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவான ஆண்டில், மார்ச் மாதத்திலேயே கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் கண்டவர் முதலில் வருவது பெரும்பாலும் எங்களிடம். தொற்றுநோயை அறிவிக்கும் ஹெல்த் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவது தனியார் வைத்தியருக்கும் உள்ள கடமை. அது போகாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அந்த வீட்டு வளவுக்கு வருவதில்லை, தேங்காய்ச் சிரட்டையில் நுளம்புக் குடம்பி இருந்தபடியே இருக்கும். படிவங்களை நேரே எங்களுக்கு வழங்கி, ஒவ்வொரு பிரிவிலும் தொலைபேசியில் அறிவிக்கக்கூடிய ஓர் இலக்கத்தையும் தந்தால் அன்றன்றே அறிவிப்போம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரின் உடல்நல விபரங்களை விசேட கவனத்துக்குரியவையாகக் கொள்கிறது. பெயரும் ஊரும் வருத்தமும் எழுதிய கொப்பி மேசையில் விரிந்து கிடப்பது எங்களில் பலரிடம் இன்னும் உண்டு. இது பற்றித் தமிழில் ஒரு பக்க வழிகாட்டல் தந்தால் போதுமானது, மிகுதியை நாங்களே திருத்திக்கொள்வோம்.

மேற்படி விடயங்களைப் பேச, மாலை நான்கு மணிக்கு முன்பாக ஒரு நாளையும் நேரத்தையும் ஒதுக்கித் தருமாறும், குறிப்பாகக் கழிவுப் பெட்டிகள் தொடர்பான தங்கள் தீர்மானத்தை மாரி மழை தொடங்குமுன் எழுத்தில் அறியத்தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு நிலையத்திலும் வாரத்துக்குச் சேரும் ஊசிக் கழிவின் நிறையைக் குறித்த அட்டவணையை அன்றைய தினம் கொண்டுவருவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
சிறு தனியார் வைத்திய நிலையங்களை நிர்வகிப்போர் சார்பில்,
திருகோணமலை.

பிரதிகள்:
மாவட்டச் செயலாளர், திருகோணமலை.
மத்திய சுற்றாடல் அதிகார சபை, திருகோணமலை மாவட்ட அலுவலகம்.