எமோஜி ஏன் கேள்விக்குறியாகிறது?

அன்புள்ள குமாருக்கு,

கடிதம் கிடைத்தது. சங்கத்தின் இணையதளத்தை நீயே கவனித்துக்கொள்வதில் ரொம்ப சந்தோஷம். தமிழெல்லாம் சரியாக வருகிறது, எமோஜி மட்டும் கேள்விக்குறியாகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கென்னவோ தளத்தின் பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மேல்தான் சந்தேகம்.

எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், 😀 போன்றவற்றுக்கு 4 பைட். மைஎஸ்கியூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய 'யுடிஎஃப்8' 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் தப்பித்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஒன்று செய்து பார்: ❤️ பழைய குறி, அதன் இரண்டு குறியீடுகளும் 3 பைட்தான். அது சேமிக்கப்பட்டு 😀 மட்டும் கெட்டால் நோய் இதுதான்.

முதலில் பேக்கப் எடு. பிறகு டேபிளை 4 பைட்டையும் ஏற்கும் 'யுடிஎஃப்8எம்பி4'க்கு (utf8mb4) மாற்று. டேபிளோடு நின்றுவிடாதே, பலரும் கோட்டைவிடுவது தளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான கனெக்‌ஷனில்தான். அதிலும் இதையே அமைக்க வேண்டும். பழைய பதிப்பு என்றால் தேடலை வேகப்படுத்தும் 255 எழுத்து நீளமுள்ள இண்டெக்ஸ் தகராறு செய்யும்: வரம்பு 767 பைட், எழுத்துக்கு 4 என்றால் 191தான் தேறும். ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்ப வராது, உள்ளே பதிவானதே கேள்விக்குறிதான்.

எமோஜி போடுவது சுலபம். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி, மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து. பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவித்திருந்தால் நேரடியாக ஒட்டலாம். இல்லாவிட்டால் 😀 என்று எழுது, கடைசி அரைப்புள்ளியை விட்டுவிடாதே.

👨‍👩‍👧 ஒரே படமாகத் தெரிந்தாலும் உள்ளே ஐந்து குறியீடுகள்: மூன்று முகம், நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் (8205) இரண்டு. 'தேவையற்ற' குறிகளை நீக்கும் நிரல் இணைப்பானைத் தூக்கிவிட்டால் குடும்பம் மூன்று தனி ஆட்களாகச் சிதறிவிடும். கொடி எமோஜியைத் தவிர்த்துவிடு, விண்டோஸ் குரோமில் இரண்டு ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

பட்டனில் வெறும் 🗑️ மட்டும் வைக்காதே. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் 'குப்பைத்தொட்டி' என்கிற மாதிரி எதையாவது படிக்கும், எதை நீக்குகிறோம் என்று அவருக்குப் புரியாது. ஸ்கிரீன் ரீடர் படிக்க வேண்டிய பெயரைத் தரும் ஏரியா-லேபிளில் (aria-label) 'இந்தப் பதிவை நீக்கு' என்று தமிழிலேயே எழுது. இதில் மட்டும் சமாதானம் சொல்லாதே.

மாற்றி முடித்ததும் 😀, 👨‍👩‍👧 இரண்டையும் சேமித்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பார். இன்னும் கெட்டால் கனெக்‌ஷன் அமைப்பைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்