காற்றே இல்லையேடி!

மதுரை
தை 10

அன்புள்ள கலா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசியில் நீ எழுதின கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது என் தப்புதான். எழுத உட்காருவேன், உன் கேள்விக்கு என்ன சொல்வதென்று தெரியாது, மூடி வைத்துவிடுவேன். இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது. முதலில் நடந்ததைக் கேள்.

பொங்கல் லீவில் அம்மா பலூனில் பறந்தாள்!

ராட்டினத்துப் பலூன் இல்லை, நெருப்பு மூட்டிப் பறக்கிற வெப்பக்காற்றுப் பலூன். 2015இலிருந்து பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கிறதல்லவா, அதற்குத்தான் போனோம். பாலமேடு ஜல்லிக்கட்டன்றைக்கு மதுரையை விட்டுக் கிளம்பினோமென்று அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினதிலிருந்து அம்மா கேள்வி மேல் கேள்வி. 1783இல் பிரான்சில் மாண்ட்கோல்ஃபியர் சகோதரர்கள் விட்ட பலூனில் முதலில் ஏறினது ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் என்று சொன்னேன். ஒட்டன்சத்திரம் தாண்டுகிற வரை அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். “ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” ஆகவில்லை, பத்திரமாக இறங்கிவிட்டது, அதற்கப்புறம் ரெண்டு மாசத்தில் மனுஷர்களே பாரிஸுக்கு மேலே பறந்தார்கள் என்றேன். “அப்போ சரி” என்றாள். அந்தச் ‘சரி’க்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

டிக்கெட் எனக்கும் இவருக்கும்தான் எடுத்திருந்தோம். முதல் நாள் காற்று தோதில்லை என்று பறக்கவில்லை. மறுநாள் இருட்டோடு மைதானத்துக்குப் போனோம். வெயில் ஏறினால் காற்று புரள ஆரம்பிக்குமாம், அதனால் விடியலில்தான் கிளப்புகிறார்கள். முதலில் கையளவு கறுப்புப் பலூன் ஒன்றை விட்டு, அது எந்தப் பக்கம் போகிறதென்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, தெரியுமா? மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று, ஏறியும் இறங்கியும் வேண்டிய காற்றைப் பிடிக்க வேண்டியதுதான். அந்த நெருப்புச் சத்தத்தைக் கேட்டதுமே இவர் ஜகா வாங்கினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள், பிரம்புக் கூடையின் பக்கவாட்டில் கால் வைக்க விட்டிருந்த ஓட்டையில் காலை வைத்தாள், உள்ளே குதித்துவிட்டாள். எழுபத்தொரு வயசு கலா! நான்தான் பின்னால் ரெண்டு பேரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததிலிருந்து ரெண்டு வருஷமாக அம்மாவை நான் எங்கேயும் தனியாக விட்டதில்லை. மாடிப்படி கூடாது, கோயில் கூட்டம் கூடாது, சித்திரைத் திருவிழாவைக்கூட டிவியில்தான் பார்த்தாள். அன்றைக்கும் கூடைக்குள் அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பினது தெரியவே இல்லை. தரை கீழே போனது, அவ்வளவுதான். தலைக்கு மேலே தோசைக்கல்லை வைத்த மாதிரி அனல், காதடைக்கிற சத்தம். பர்னரை நிறுத்தின உடனே அப்படி ஓர் அமைதி. கீழே எங்கேயோ நாய் குரைத்தது, யாரோ பேர் சொல்லி யாரையோ கூப்பிட்டார்கள், எல்லாம் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டது. தென்னந்தோப்புகள் பச்சை நட்சத்திரங்களைப் பரப்பின மாதிரி. தெற்கே ஆனைமலை, பாதிக்குப் பனி. சமணர் மலையில் நீ பாதி ஏறிப் பேச்சிப்பள்ளத்தோடு நின்றுவிட்டு, “மேலே என்ன இருந்தது?” என்று வருஷக்கணக்கில் கேட்டாயே, அது ஞாபகம் வந்தது. எனக்கும் உயரம் என்றால் கால் கூசும். அங்கே கூசவில்லை.

அம்மா முந்தானையை விரித்துக் காட்டினாள். “காத்தே இல்லையேடி!” நிஜம். அத்தனை உயரத்தில் முந்தானை நுனி அசையவில்லை. நாம் போவதே காற்றோடுதான், அதே வேகத்தில், அப்புறம் எப்படி மேலே படும் என்றார் ஓட்டினவர். அம்மா முந்தானையைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு முகத்தை அப்பா இருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது ஆளாளுக்கு ரெண்டு கையாலும் உள்ளே இருக்கிற கயிற்றுப் பிடியைப் பிடிக்கணும், முழங்காலை மடக்கணும் என்றார்கள். அப்போது அம்மாவின் கையை விட்டுத்தானே ஆகவேண்டும்? விட்டேன். முழங்கையில் என் நாலு விரல் தடமும் சிவப்பாகப் பதிந்திருந்தது கலா. அவ்வளவு நேரமும் வலித்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடை அறுத்துக் கிடந்த சோளக்காட்டில் ரெண்டு குதி குதித்து நின்றது. அம்மா சொல்லிக் கொடுத்தபடி அச்சாக மடங்கி நின்றாள், எனக்குத்தான் முழங்கால் இடித்துக்கொண்டது. தோப்பிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே ஒரு பாட்டி சொம்பில் தண்ணீரோடு. “எங்கிருந்துங்க வர்றீங்க?” “மதுரை.” “மேலேயேவா வந்தீங்க?” அம்மா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்கணும்.

உங்கம்மா தெருக்காரர்களோடு காசிக்குப் போகணும் என்கிறார்கள், இந்த வயசில் எப்படி அனுப்புவது என்று எழுதியிருந்தாயே. ‘கூடாது’ என்று எழுதத்தான் நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இப்போது சொல்கிறேன், அனுப்பு. மாத்திரையை எழுதி ஒரு பையில் போட்டுக் கொடு, கூட வருகிறவர்கள் ரெண்டு பேர் நம்பரை வாங்கி வைத்துக்கொள். பயமாகத்தான் இருக்கும். நானும், அம்மா நேற்றுத் தனியாகக் கூடலழகர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வரை வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் கேட்டார் என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் கட்டாயம் வா.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதையும் எழுதச் சொல்கிறாள்: அடுத்த தைக்கு உங்கம்மாவும் வரட்டும், சேலையோடு கூடையில் ஏறுவதை அவளே சொல்லித் தருவாளாம்.

உன்
பார்வதி