சாவியை எடுத்துட்டுத் தொடை, மாப்ள

மாப்ள,

ஆயுத பூசை அன்னிக்கு நீ மூணு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கலை. அப்ப நாங்க கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தோம்.

அண்ணன் பையனுக்கு ஆள்காட்டி வெரல் நுனி போயிருச்சு. நடுவெரலைத் தெச்சிருக்காங்க, கூடிரும்ங்கறாங்க. பூசைக்கு மொத நாள் பொழுதோட வண்டியைக் கழுவுனான். டபுள் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, மொத கியர்ல சக்கரம் சுத்தச் சுத்தப் பனியன் வேஸ்ட்டைச் செயின் மேல புடிச்சிருக்கான். துணி செயின் சக்கரத்துப் பல்லுல மாட்டிக் கையையும் சேத்து இழுத்துருச்சு.

அப்படித் தொடைக்கக் காட்டிக்குடுத்தவன் நான்தான். நம்ம ரெண்டு பேரும் பட்டறையில கத்துக்கிட்டது அதுதானே. இத்தன வருசமா நமக்கு ஒண்ணும் ஆகலை, அதனால சரியான முறைன்னே நெனச்சுட்டோம். அந்த வெசனம் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. நீ இனி செயினைத் தொட்டா இஞ்சின் நின்னிருக்கணும், சாவி சட்டைப் பையில இருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். சக்கரத்தைக் கையால மெதுவாப் பின்பக்கமாச் சுத்து. சுத்தறப்பத் துணி பல்லுகிட்டப் போகக்கூடாது.

உன் புது வண்டி போட்டோ பாத்தேன். கல்யாணத்தன்னிக்கு நீ தலை சீவுனதை விட அதிகமாத் தேச்சிருக்கே. ஆனா செயினுக்குப் பெட்ரோல் ஊத்தறதை விட்ரு. உள்ள இருக்கற ரப்பர் வளையம் கெட்டுரும், ஒரு பொறி பட்டா ஊடே பத்திக்கும். மண்ணெண்ணெய் போதும், இல்லைன்னா செயின் கிளீனர் வாங்கு. அப்பறம் ஸ்ப்ரே அடிக்கறப்ப பிரேக் டிஸ்க்கை ஒரு அட்டையால மறைச்சுக்க. அதுல எண்ணெய் பட்டா பிரேக் புடிக்காது. டயர் பளபளப்புக்குப் போடறயே, அதுவும் பக்கவாட்டுல மட்டுந்தான், ரோட்டுல படற எடத்துல ஆகவே ஆகாது.

தாராபுரம் ரோட்டுல ஓட்டிட்டு வந்த சூட்டோட இஞ்சின் மேல தண்ணி வாக்காதே. வேப்பமரத்தடியில நிறுத்தி ஆற விடு. மொதல்ல தண்ணியால மண்ணைக் கழுவி விடணும், காஞ்ச தூசியோட தேச்சா டேங்க்குல கீறல் விழும். வாட்டர் சர்வீஸ் பைப்பைச் சக்கர நடுவுல புடிச்சா பேரிங் கிரீஸ் போயிரும். நம்ம போர்த் தண்ணி உப்பு, காயவிட்டா வெள்ளை வெள்ளையாப் புள்ளி நிக்கும், அதனால உடனே ஒத்தி எடுத்துரு. கழுவுனதும் சித்த தூரம் மெதுவா ஓட்டி ரெண்டு பிரேக்கையும் புடிச்சுப் பாரு.

பையன் நேத்து கட்டுக் கையோட, "சித்தப்பா, வண்டி பாதியில நிக்குது, செயின் துரு ஏறிருமே"ன்னான். அண்ணி எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. ராத்திரி சாவியை அப்பத்தா கையில குடுத்துட்டு, கையால சுத்திச் சுத்தித் தொடைச்சு 90 கியர் ஆயில் வெச்சேன். பல்லுல இன்னும் அந்தத் துணி நூல் சிக்கியிருந்துச்சு.

தீபாவளிக்கு வர்றப்ப அவனைப் பாத்துட்டுப் போ. தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு.

உன் மாப்ள
காங்கேயம்