செவலை வீடு வந்து சேர்ந்துவிட்டாள்

ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி ஏழரை மணிக்கு என் சிப்பிப்பாறை நாய் செவலை வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். பாதத்தில் 2 முள் இருந்தது, எடுத்தாயிற்று. வேலி போட்ட நம் காலி மனையின் கதவைத் திறந்தபோது வெளியே ஓடிப்போனவளை 4 நாளாக நீங்களும்தானே தேடினீர்கள்.

முதல் நன்றி ஆடு மேய்க்கும் அப்பத்தாவுக்கு. பேரெல்லாம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யானைமலை அடிவாரத்தில் அவளைப் பார்த்ததும் அவர் கூப்பிடவில்லை, துரத்தவில்லை. தன் மதியச் சோற்றில் பாதியைச் சட்டியோடு பாறை மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டு, பேரனை அனுப்பி எனக்குப் போன் போட வைத்திருக்கிறார். நான் போனதும் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடப் பார்த்தேன். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "வெரட்டாத தாயி. பயந்து கெடக்கு, இப்ப உன்னையவே அதுக்குத் தெரியாது. முதுகக் காட்டிப் பேசாம உக்காரு, அதுவா வரும்."

மிரண்டுபோன நாய் வளர்த்தவர் குரலைக் கேட்டுக்கூட ஓடும். அதிலும் சிப்பிப்பாறை நாய் ஓட ஆரம்பித்தால் யார் பிடிப்பது? அந்தப் பக்கம் மேலூர் ரோடு வேறு. லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இருட்டுகிற நேரத்தில் என் முழங்கையில் ஈர மூக்கு பட்டது. திரும்பாதே என்று கண்ணாலேயே சொன்னார். அவள் என் மடியில் தலையை வைத்த பிறகுதான் கயிற்றைப் போட்டேன். ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு எனக்காக அவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்திருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், விடியற்காலையில் தெருத்தெருவாகப் பார்த்து வந்த பால்காரத் தம்பி, படம் வரைந்து கடைகடையாக ஒட்டிய பிள்ளைகள், வேலிக்கருவையில் மாட்டிக் கிடந்த கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர், ராத்திரி டார்ச்சோடு கூட நடந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

வேலி போட்ட நம் காலி மனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கதவைத் திறந்தவர் மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, தயவுசெய்து யாரும் அவரை எதுவும் சொல்லாதீர்கள். நாய்களை அவிழ்த்து விடுகிற இடத்துக்கு ஒற்றைக் கதவு இருந்தது நம் எல்லோர் தப்பும்தான். கிரில் பட்டறைக்காரர் அளவெடுத்துவிட்டார். 5 அடிக்கு ஒரு சின்னக் கூண்டும் இரண்டாவது கதவும் வரும், செலவு என்னுடையது. வெளிக்கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்கள் கழுத்துப்பட்டையையும் பாருங்கள். இவற்றுக்குத் தலை ஒடுக்கம், பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை சுலபமாகக் கழன்று வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகுகிற அகலப் பட்டைதான் சரி.

கதவு வரும்வரை செவலை வேலிக்குள்ளும் கயிற்றோடுதான் நடப்பாள். அப்பத்தாவின் சட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.

செவலை வீட்டு அக்கா