வண்டி வராத மேடை

செசிங்டன்
ஞாயிறு பின்னேரம்

மச்சான்,

உங்கள் ஐயாவின் அந்தியேட்டிக் கிரியைக்கும் நான் வரவில்லை. போனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் உன்னோடு கதைக்கவும் முடியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமலே நாலு மாதம் போய்விட்டது. உனக்குக் கோபம் என்றால் அது நியாயம்தான்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குக் கடைசி வருஷப் படிப்பு. சின்னவனுக்கு ரவும் றவும் இன்னும் மாறுகிறது, உனக்குப் பத்தாம் வகுப்புவரை மாறியதுபோல.

வீடு மாறிவிட்டோம். டூட்டிங்கில் வாடகை கட்டி முடியவில்லை. இப்போது தென்மேற்கு லண்டனின் ஓரத்தில், செசிங்டன் சவுத் ஸ்ரேசனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறோம். அந்த ஸ்ரேசனைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஐயா இருந்திருந்தால் அவருக்குத்தான் எழுதியிருப்பேன். அவர் இல்லை, நீ கேள்.

வோட்டர்லூவில் வெளிக்கிடும் வண்டி கிளாப்பம், விம்பிள்டன் எல்லாம் தாண்டி, மொட்ஸ்பர் பார்க்குக்குப் பிறகு தனிக் கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளையில் மொத்தம் நாலே ஸ்ரேசன்: மோல்டன் மேனர், டொல்வேர்த், செசிங்டன் நோர்த், கடைசியாக எங்களுடையது. வேலைநாளில் அரை மணிக்கு ஒரு வண்டி. சனி ஞாயிறில் பிள்ளைகுட்டிகளோடு சனம் வந்து இறங்கும். 1931இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை ஒன்று பக்கத்தில் இருக்கிறது, 1987இல் அதோடு பெரிய விளையாட்டுப் பூங்காவும் சேர்ந்துகொண்டது. எனக்கு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போக லேசு, அதுவே பெரிய காரியம்.

இனித்தான் விஷயம். ஸ்ரேசனில் இரண்டு மேடை. ஒன்றில்தான் வண்டி நிற்கும். மற்றதில் ஒருநாளும் பயணிகள் வண்டி வந்து நின்றதில்லை. வந்த புதிதில் அப்படியொரு மேடை இருப்பதே என் கண்ணில் படவில்லை, பற்றை மூடிக் கிடந்தது. ஒருநாள் காலை வண்டி பிந்தியது. சும்மா நின்று பார்த்தபோதுதான் இலைகளுக்குள்ளே மேடையின் விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தது. தண்டவாளம் எங்கள் மேடையோடு முடியவில்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். இன்னும் கொஞ்சத் தூரம் போய், முந்தி நிலக்கரி இறக்கிய பக்கமாக, மரங்களுக்குள் மறைகிறது. கடைசி ஸ்ரேசனுக்கு அப்பால் தண்டவாளம் எதற்கு? அன்று பின்னேரமே தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இது கடைசி ஸ்ரேசனாகக் கட்டப்பட்டதே இல்லை, மச்சான். அந்தக் காலத்தில் இங்கே வண்டி ஓட்டிய சதர்ன் ரயில்வே கம்பனி இந்தப் பாதையை லெதர்ஹெட் ஊர்வரை கொண்டுபோக நினைத்தது. வழியெல்லாம் புது வீடுகள் வரும், வீட்டுக்காரர் எல்லாரும் வண்டியேறி லண்டனுக்கு வேலைக்குப் போவார்கள் என்பது கணக்கு. 1938 மே 29இல் டொல்வேர்த்வரை திறந்தார்கள். 1939 மே 28இல் இங்கே வந்து சேர்ந்தது. செப்டெம்பரில் போர் வெடித்தது. அதோடு சரி. போர் முடிந்த பிறகு லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் என்று நிலத்தை ஒதுக்கி, அதில் வீடு கட்ட விடவில்லை. வீடு இல்லாத இடத்துக்கு யார் பாதை போடுவார்கள்?

கட்டினவர்கள் மனம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேடைக் கூரை முழுக்க கொங்கிறீற். பின்னாலிருந்து வளைந்து எழும்பி, முன்பக்கம் ஒரு தூணும் இல்லாமல் மேடைக்கு மேலே நீண்டு நிற்கிறது. கூரையில் வட்ட வட்டமாகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெயில் நாளில் அந்த வட்டங்கள் வழியாக விழும் வெளிச்சத்தில் நின்று பார்க்க அவ்வளவு வடிவு. நாலு ஸ்ரேசனும் ஒரே சாயல். தென்னிலங்கைக்குப் போகிறவன் காலி நகரைப் பார்ப்பதுபோல, லண்டனுக்கு வருகிறவன் இந்த நாலையும் பார்க்க வேண்டும் என்பேன்.

அண்மையிலும் ஒரு நம்பிக்கை வந்தது. லண்டனுக்குக் குறுக்கே புது ரயில் பாதை போடும் குரொஸ்றெயில் 2 என்ற திட்டத்தில் இந்தக் கிளையும் இருந்தது, வண்டிகள் கூடும் என்றார்கள். 2020இல் அதையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். 2025 மே 25 முதல் இந்த ரயில் சேவை திரும்ப அரசாங்கத்தின் கையில். அது நல்லது என்றே நினைக்கிறேன்.

போர் நிறுத்திய பாதை என்று வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கமும் போரால் வண்டி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், கொக்குவில் ஸ்ரேசனில் புல் வளர்ந்தது. ஸ்ரேசனில் கொடி காட்டிய உங்கள் ஐயா மட்டும் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைப்பார். "வண்டி வந்தால் கொடி வேணுமே" என்று சொல்வார். நாங்கள் சிரித்தோம், நீயும் நானும் நெட்டையனும். நான் சிரித்ததை நினைக்க இப்போது நெஞ்சு அடைக்கிறது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை வண்டி ஓடிய நாளில், அவர் வெள்ளைச் சேட்டோடு மேடையில் நிற்கும் படத்தை நீ அனுப்பியிருந்தாய். அது என் போனில் இன்னும் இருக்கிறது. இங்கே அந்த வண்டி வராத மேடையைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய ஞாபகம்தான். அவருக்கு வண்டி திரும்பி வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ தண்டவாளத்தில் வைத்த ஐந்து சதக் குத்தியைப் பற்றி அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அதையும் அறிந்து வைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கொடிகள் இப்போது எங்கே? வீடு ஒதுக்கும்போது யாரும் எறிந்துவிட வேண்டாம். அலமாரியின் மேல்தட்டைப் பார், இல்லாவிட்டால் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் இருக்கும். கறையான் அரிக்க முதல் எடுத்து வை. நான் ஆவணியில் வருகிறேன், ரிக்கெற் போட்டுவிட்டேன்.

உன்
மச்சான்