கிறீன் பாத்துக்குப் பிள்ளையோடு போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு வயது மகளோடு கொழும்பில் ஓவியர்கள் படங்களை வைக்கும் கிறீன் பாத் வீதியில் ஓவியங்கள் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல யோசனை. ஆனால் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். பார்த்த சூட்டோடு அவள் வரையவும் வேண்டும். பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா இருப்பதால் இரண்டும் ஒரே காலையில் முடியும்.

வெயில் ஏற முன்னர் போங்கள். நடைபாதையோரம் ஓவியர்கள் படங்களை எடுத்து அடுக்குவதே பிள்ளைக்கு ஒரு காட்சி. இந்த வயதில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்று பார்க்கமாட்டாள். ஆகவே ஐந்தாறு படங்கள் போதும். அவளுடைய கண் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி. மேலே தொங்குபவற்றில் அவளுக்கு வெயிலின் பளபளப்புத்தான் தெரியும். கீழே சாய்த்து வைத்த படங்களின் முன் நீங்களும் குந்துங்கள். "இது என்ன?" என்று கேட்டால் "யானை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த நிறத்தைக் கடைசியாகப் பூசியிருப்பார்?" என்று கேளுங்கள், அவள் கிட்டப் போய்த் தேடுவாள்.

கிட்டப் போனால் கை நீளும். தடிப்பாகப் பூசிய எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும், விரல் பட்டால் அமுங்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். அங்கே போய் அதட்டினால் அவளுக்குப் படமே வெறுத்துவிடும்.

இனிச் சாமான்கள். இதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். இருபத்துநாலு நிறப் பெட்டி வேண்டாம். தெரிவு செய்வதிலும் விழுந்ததைப் பொறுக்குவதிலுமே நேரம் போய்விடும். தடித்த கிறேயான் ஆறு போதும், கறுப்பும் வெள்ளையும் அதில் இருக்கட்டும். ஒயில் பேஸ்டல் என்ற எண்ணெய்ப் பசை வண்ணக் குச்சி அழகுதான், ஆனால் கொழும்பு வெக்கையில் இளகிக் கையிலும் சட்டையிலும் அப்பும். கொண்டுபோவதானால் நிழலில் வையுங்கள். நீர் வர்ணம் இந்த ஈரக் காற்றில் சுணங்கித்தான் காயும். பிள்ளை பொறுக்காமல் அடுத்த நிறத்தை மேலே வைக்க, எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகும். அதை வீட்டுக்கு விடுங்கள். கொப்பித் தாள் அழுத்தினால் கிழியும். சதுர மீற்றருக்கு 120 கிராமுக்குக் குறையாத தடிப்புள்ள ஏ4 தாள் பத்தை ஒரு கிளிப் போர்டில் மாட்டி, காற்றுக்கு எழும்பாதபடி கீழ் மூலைகளிலும் கிளிப் போடுங்கள். ஈரத் துணி, தண்ணீர்ப் போத்தல், இருக்க ஒரு பாய், இரண்டு பணிஸ்.

பூங்காவில் மர நிழலில் இருத்தி, சற்று முன் பார்த்ததில் பிடித்த இரண்டு நிறத்தை எடுக்கச் சொல்லுங்கள். "யானையைக் கீறு" என்று சொல்லாதீர்கள், நீங்கள் கீறியும் காட்டாதீர்கள். உங்கள் யானையைப் பார்த்தால் தன்னுடையது சரியில்லை என்று கிறேயானை வைத்துவிடுவாள்.

கிறீன் பாத் வீதியின் இப்போதைய பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. அந்தப் பெயருக்குரிய நம் கலை வரலாற்றறிஞர் 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர்; அதே ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகமும் கிட்டத்தான். ஆனால் அன்றைக்கு அதையும் சேர்க்காதீர்கள், பிள்ளை களைத்துவிடும். 1993 முதல் ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம் நடத்திவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தையும் இதே வீதியில்தான். அது நடக்கும் நாளில் சனம் நெருக்கும். அடுத்தமுறை போகலாம், போனால் உங்கள் தொலைபேசி எண்ணை அவள் கையில் எழுதிவிடுங்கள்.

வரைந்ததைச் சுருட்டாதீர்கள். கிறேயான் மெழுகு மடிப்பில் உதிரும். மட்டையில் தட்டையாக வைத்து, பேஸ்டல் என்றால் மேலே ஒரு எண்ணெய்த்தாளும் போடுங்கள், பேஸ்டல் ஒருநாளும் முழுதாகக் காயாது. அவள் படத்தைப் பற்றிச் சொன்னதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். மை முன்பக்கம் ஊறும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடிமழை வரும், பன்னிரண்டுக்குள் ஓட்டோ பிடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா