அச்சும் மாவுக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் முன்னோடிகள் 1856இல் கைவண்டி இழுத்துக்கொண்டு அமெரிக்காவின் மேற்கே போனதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை படிக்க நன்றாக இருந்தது. ஆனால் வழியில் வயோமிங்கில் அத்தனை பேர் செத்ததற்குப் பனிப்புயல்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். புயல் அடித்தது அக்டோபர் 19இல். கோளாறு தொடங்கியது ஜூலையில், அயோவா சிட்டி வண்டிப் பட்டறையில்.

முதலில் ஒரு திருத்தம். முன்னோடிகள் எல்லோருமே கைவண்டி இழுத்தார்கள் என்ற எண்ணம் கட்டுரையைப் படித்தால் வருகிறது. 1847இல் சபைத் தலைவர் பிரிகாம் யங் தலைமையில் முதல் கூட்டம் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இறங்கியதிலிருந்து 1869இல் ரயில் வரும்வரை, பெரும்பாலோர் போனது மாட்டு வண்டியில். 1855இல் வெட்டுக்கிளியால் யூட்டாவில் விளைச்சல் கெட்டது, ஏழைகளை அழைத்துவரச் சபை வைத்திருந்த குடியேற்ற நிதியும் வற்றிப்போனது. மாடு வாங்கக் காசில்லாததால் வந்த மலிவு வழிதான் கைவண்டி. 1860 வரை பத்துக் குழுக்கள், ஏறக்குறைய 3,000 பேர், அவ்வளவுதான். அதில் எட்டுக் குழுக்கள் பெரிய சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. 1856இன் முதல் இரண்டு குழுக்கள் ஜூன் 9, 11 தேதிகளில் அயோவா சிட்டியிலிருந்து கிளம்பி, செப்டம்பர் 26இல் சால்ட் லேக் சிட்டிக்குள் நுழைந்துவிட்டன. ஆகவே, கைவண்டி யோசனையே பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. நாள் தவறியதுதான் பிழை.

நாள் ஏன் தவறியது? அந்த ஆண்டின் கடைசி இரண்டு குழுக்களின் ஆட்கள் லிவர்பூலில் கப்பல் ஏறியதே மே மாதம். அயோவா சிட்டிக்கு வந்து பார்த்தால் வண்டி தயாராக இல்லை. அவசர அவசரமாக, உலராத பச்சை மரத்தில் அறைந்தார்கள். ஆறேழு அடி நீளத்தில் இரண்டு ஏர்க்கால்கள், இடையில் மூன்று நான்கு குறுக்குச் சட்டங்கள், முன்னால் நெஞ்சுக்கு நேராக இழுகட்டை, இதுதான் வண்டி. பலகை கிடையாது. சட்டங்களுக்குக் குறுக்கே மெத்தை உறைத் துணியைத் தைத்து, அதன்மேல் மூட்டையை வைத்தார்கள். அச்சு ஹிக்கரி மரம், பெரும்பாலும் இரும்புப் பூண் இல்லாமல்.

மாட்டு வண்டியோடு பழகியவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பச்சை மரம் சமவெளியின் வறண்ட காற்றில் சுருங்கும். ஆரக்கால் குடத்தில் ஆடும், பட்டை கழன்று விழும். பாதை முழுக்க மணல். அது குடத்துக்குள் போய் அரத்தைப் போல அச்சைத் தின்னும். பூண் இருந்தால் இரும்பு தேயும். இல்லாததால் மரமே தேய்ந்தது, கழுத்தில் முறிந்தது. வண்டி மை போதாமல் சாப்பிட வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். பூட்ஸின் தோலை அறுத்து அச்சில் சுற்றினார்கள், தகரத்தை வெட்டிச் சுற்றினார்கள். ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற வரிசையும் நிற்கும். இப்படி நாள் நாளாகப் போனது.

ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், பெரியவருக்கு 17 பவுண்டு சாமான். அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள்.

அந்த இரண்டில் முன்னால் போன ஜேம்ஸ் வில்லியின் குழு ஜூலை 15இல் கிளம்பி, ஆகஸ்ட் 11இல் ஃபுளோரன்ஸ் வந்தது. இன்றைய ஒமாஹா நகரின் பகுதி அது. அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி 1,031 மைல். நாளுக்கு 15 மைல் வீதம் ஒரு நாள்கூட நிற்காமல் நடந்தாலும் 69 நாள். ஆகஸ்ட் நடுவில் புறப்பட்டால் அக்டோபர் கடைசி. தலைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு மாவு என்றால் 400 பேருக்கு அந்த 69 நாளுக்கு 27,600 பவுண்டு வேண்டும். கூட வந்த சில மாட்டு வண்டிகளில் அவ்வளவு ஏறாது. அதனால் ஒவ்வொரு கைவண்டியிலும் 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றை ஏற்றினார்கள். ஏற்கெனவே தேய்ந்த அச்சின்மேல்!

ஆகஸ்ட் 13 இரவு ஃபுளோரன்ஸில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். லிவை சாவேஜ் மட்டும் எழுந்து, முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் போகக்கூடாது, குளிர்காலத்தை இங்கேயே கழிக்கலாம் என்றார். பர்மாவில் சமயப் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர், வழி தெரிந்தவர். விசுவாசக் குறைவு என்று அவரைக் கண்டித்தார்கள். போவதென்று முடிவானதும் அவரும் கூடவே போனார். கட்டுரையில் அவர் பெயரே இல்லாதது பெரிய குறை.

செப்டம்பர் தொடக்கத்தில் காட்டெருமை மிரட்சியில் குழுவின் மாடுகள் முப்பது வரை காணாமல் போயின. பால் மாட்டையும் கறி மாட்டையும் நுகத்தில் பூட்டினார்கள். அப்படியும் போதாமல் வண்டியிலிருந்த மாவு மறுபடி கைவண்டிக்கு வந்தது. லாரமி கோட்டையில் தங்களுக்காகச் சரக்கு காத்திருக்கும் என்று நம்பிப் போனால் எதுவும் இல்லை. தலைக்கு நாளுக்குக் கொடுத்த மாவு முக்கால் பவுண்டாகி, பிறகு பத்து அவுன்ஸுக்கு இறங்கியது. பத்து அவுன்ஸ் மாவு, 280 கிராம், ஏறக்குறைய 1,000 கலோரி. குளிரில் நாள் முழுதும் வண்டி இழுப்பவருக்கு அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். முதலில் விழுந்தவர்களில் ஆண்கள் அதிகம் என்றால் ஆச்சரியமில்லை. அக்டோபர் 19இல் கடைசி மாவை அளந்து கொடுத்தார்கள். அன்றுதான் பனி.

பின்னால் வந்த எட்வர்ட் மார்ட்டின் குழுவின் கதை இன்னும் கொடுமை. மாடும் ஆளும் தளர்ந்ததால் அக்டோபர் 17இல் சாமானைப் பெரியவருக்குப் பத்துப் பவுண்டாகக் குறைத்தார்கள். போர்வையையும் கம்பளித் துணியையும் கொளுத்தினார்கள். இரண்டே நாளில் நார்த் பிளாட் ஆற்றைக் கடந்தபோது அதே புயல்.

இவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள் என்பதே சால்ட் லேக் சிட்டிக்கு அக்டோபர் 4இல்தான் தெரிந்தது. மறுநாள் பிரிகாம் யங் மேடையிலிருந்து கோவேறு கழுதைகளும் வண்டிகளும் 12 டன் மாவும் கேட்டார். 7ஆம் தேதி முதல் மீட்புக் குழு கிளம்பியது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு குழுக்களிலும் சேர்ந்த ஏறக்குறைய 1,000 பேரில் 200க்கு மேற்பட்டோர் உயிரோடு போய்ச் சேரவில்லை.

விசுவாசம் என்று கட்டுரையாளர் பொதுவாகச் சொன்னதை ஒரு குடும்பத்தில் பார்க்கலாம். யென்ஸ் நீல்சன் டென்மார்க்கின் லோலான்ட் தீவு விவசாயி. மாட்டு வண்டியில் போகக் கையில் காசு இருந்தது. மற்ற ஏழைகளின் பயணத்துக்கென்று அதைச் சபைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கைவண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். மனைவி எல்சி, ஆறு வயது மகன் நீல்ஸ், இவர்கள் பொறுப்பில் வந்த போடில் மோர்டென்சன் என்ற சிறுமி. அக்டோபர் 23இல் வில்லி குழு ராக்கி ரிட்ஜ் மேட்டைப் பனியில் ஏறியது. யென்ஸின் கால் உறைந்து நடக்க முடியாமல் போயிற்று. ஆறடிக்கு மேல் உயரமான அவரை, ஐந்தடிகூட இல்லாத எல்சி வண்டியில் ஏற்றி இழுத்தார். சிலர் முகாமுக்கு வந்து சேரவே விடியற்காலை ஆனது. ராக் கிரீக்கில் மறுநாள் 13 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். நீல்ஸும் போடிலும் அதில் இருந்தார்கள். போடில் கையில் விறகுக்காகப் பொறுக்கிய சேஜ் புதர்ச் சுள்ளிகள் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குழி தோண்டியவர்களில் இருவர் அன்றே இறந்தார்கள்.

அதே குழுவில் ஸ்காண்டிநேவியர்களை நடத்தி வந்த யோஹான் ஆமன்சன் பிறகு சபையை விட்டே போய்விட்டார். தன் இழப்புக்காகப் பிரிகாம் யங்மீது வழக்கும் போட்டார். நீல்சன் போகவில்லை. வாழ்நாள் முழுதும் கால் கோணியே இருந்தது. 1879இல், அறுபதை நெருங்கும் வயதில், கொலராடோ ஆற்றுப் பாறைப் பிளவில் வெடி வைத்துப் பாதை இறக்கிய குழுவில் முன்நின்றார். ஆறு வாரம் என்று கிளம்பிய அந்தப் பயணம் ஆறு மாதம் ஆனது. அதுவும் குளிர்காலத்தில்தான்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி